லேண்ட் குரூசர் 79: வடக்கு நைஜீரியாவில் வருடக்கணக்கில் ஓட்டியதில் தெரிந்தது

நைஜீரியாவில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தாலே ராணுவத்தைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை, அதிலும் டாங்கியைப் பற்றி. போகோ ஹராம் தீவிரவாதிகளோடு ராணுவம் சண்டையிடும் யோபே, போர்னோ மாநிலங்களில் ரோடு போடும் வேலையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், அந்தப் பக்கம் ராணுவத்தின் தினப்படி வேலையை இழுப்பது டொயோட்டா லேண்ட் குரூசர் 79 பிக்கப்தான். உள்ளூரில் 'பஃபலோ' என்பார்கள். பின்னால் இயந்திரத் துப்பாக்கியை நிறுத்திவிட்டால் கன் டிரக். அதே வண்டிகள் வெள்ளை பெயின்ட்டில் எங்கள் கம்பெனியிலும் இருந்தன, அவற்றின் ஒர்க்‌ஷாப்பும் என் பொறுப்பு. அதனால் எஞ்சின், ஸ்பிரிங் பற்றி எழுதுவது என் கைப்பட்ட விஷயம். துப்பாக்கி பற்றி எழுதுவது எஸ்கார்ட்டுக்கு வந்த வீரர்களோடு பக்கத்தில் இருந்து பார்த்தது, பேசித் தெரிந்துகொண்டது.

எஞ்சினிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1எச்இசட், 4.2 லிட்டர் டீசல், வரிசையாக ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது, 130 குதிரைத்திறன் பக்கத்தில்தான் வரும். இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு இவ்வளவுதானா என்று கேட்கலாம். நானும் மேட்டில் மூன்றாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும்போதெல்லாம் திட்டியிருக்கிறேன். ஆனால் டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் கிடையாது. இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் யோபேயின் தலைநகர் டமாட்டுரு தாண்டி ரோட்டோரத்தில் ஜெர்ரி கேனில் விற்கிற டீசலை ஊற்றிப் பார்க்க வேண்டும். பாதி நேரம் தண்ணீர் கலந்திருக்கும், மண்ணெண்ணெய் வாடையும் அடிக்கும். அதே டீசலைக் குடித்த கம்ப்யூட்டர் வைத்த காமன் ரயில் எஞ்சின் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்கள் இன்ஜெக்டர் போய் எங்கள் ஷெட்டில் வரிசையாக நிற்கும். 79-இல் டேஷ்போர்டில் ஃபில்டர் விளக்கு எரியும், பானெட்டைத் தூக்கி அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிட்டு, மேலே இருக்கும் கைப்பம்பைக் கெட்டியாகும் வரை அமுக்கினால் போதும், கிளம்பிவிடும். இதற்குப் படித்த மெக்கானிக் தேவையில்லை, சொல்லப்போனால் மெக்கானிக்கே தேவையில்லை.

அதற்காக அடித்து ஓட்டினாலும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. டைமிங் பெல்ட்டை லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும், அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் காலி. நினைவூட்ட ஒரு விளக்கு எரியும், பெல்ட்டை மாற்றாமல் விளக்கை மட்டும் அணைத்துவிட்டு விற்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அப்புறம் ஹர்மட்டான். நவம்பரில் ஆரம்பித்து மார்ச் வரை சஹாராவிலிருந்து வரும் புழுதி பவுடர் மாதிரி எல்லாவற்றுக்குள்ளும் இறங்கும். அந்த மாதங்களில் ஏர் ஃபில்டரை தினமும் கழற்றி, உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்துச் சுத்தம் செய்யாவிட்டால் வண்டி கரும்புகை கக்கும்.

சவாரி சுகமா என்றால், இல்லை. முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங். காலி வண்டியை வரி வரியாக அலையடித்துக் கிடக்கும் செம்மண் ரோட்டில் ஓட்டினால் பின்பக்கம் குதித்துக் குதித்து இடுப்பெலும்பு கழன்றுவிடும், அரை டன் ஏற்றினால்தான் அடங்கி உட்காரும். திருப்ப நிறைய இடம் வேண்டும், 110-க்கு மேல் போனால் பக்கத்தில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும். லிட்டருக்கு ஏழு எட்டு கிலோமீட்டர். டேங்க் இரண்டு இருப்பதால் தப்பித்தோம். டயர் 7.50-16, வளையத்தைக் கழற்றி மாட்டுகிற பழைய ரக ரிம். வல்கனைசர் கடையில் அதற்குக் காற்றடிக்கும்போது நான் பக்கத்திலேயே நிற்க மாட்டேன், வளையம் சரியாக உட்காராமல் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். பின்னால் சாமான் ஏற்றும் படுக்கையின் நடுவில் இரும்புத் தூணை நிறுத்தி அதன்மேல் 12.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கியை ஏற்றுவது சாதாரணம். இதை வண்டி நன்றாகவே தாங்கும். 23 மில்லிமீட்டர் இரட்டைக் குழல் இசட்யூ-23 ஏற்றினால்தான் சிக்கல். அது மட்டுமே கிட்டத்தட்ட 950 கிலோ, வண்டி சுமக்கக்கூடியதே ஒரு டன் சொச்சம். மேலே குண்டுப் பெட்டிகள், தண்ணீர் கேன்கள், மணல் மூட்டை, அஞ்சாறு வீரர்கள். நான் பார்த்த அப்படிப்பட்ட வண்டிகளில் பின் ஸ்பிரிங் தட்டையாகப் படிந்து எதிர்ப்பக்கம் வளைந்திருக்கும். அதோடு சுடும்போது வரும் உதை வேறு. கேபினுக்குப் பின்னால் சேஸிஸில் விரிசல் விட்டு, இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்த வண்டிகளும் உண்டு. வடிவமைத்தவர்கள் இந்தப் பாரத்தை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள், இதற்கு வண்டியைக் குறை சொல்வது நியாயமில்லை.

எஸ்கார்ட் வண்டிகள் போகிற வேகம் என்னை எப்போதும் பயமுறுத்தியது. டமாட்டுருவிலிருந்து போர்னோவின் தலைநகர் மைதுகுரிக்குச் சுமார் 130 கிலோமீட்டர், நடுவில் நிற்பதில் ஆபத்து என்பதால் மிதித்த கால் மிதித்தபடியே. வீரர்கள் படுக்கையின் ஓரத்தில் காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், பெல்ட் ஏது? டயரைப் பார்த்தால் பட்டன் தேய்ந்து வழவழவென்று இருக்கும்.

கவசம் என்பது சுத்தமாக இல்லை. கதவுத் தகடு சாதாரண ஏகே குண்டையே நிறுத்தாது. பக்கத்து நாடான நைஜரில் 2017 அக்டோபர் 4 அன்று டோங்கோ டோங்கோவில் அமெரிக்க, நைஜர் வீரர்கள் கவசமில்லாத வண்டிகளில் போய்ப் பதுங்கித் தாக்குதலில் மாட்டினார்கள், அமெரிக்கர்களே 4 பேர் இறந்தார்கள். 1987-இல் சாட் படைகள் இதே மாதிரி பிக்கப்களில் மிலான் ஏவுகணை வைத்து லிபியாவின் டாங்கிகளை விரட்டிய 'டொயோட்டா போர்' கதையை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அது திறந்த பாலைவனத்தில் வேகத்தால் வென்றது. ரோட்டில் கண்ணிவெடி புதைத்திருக்கும் இடத்தில் வேகம் என்ன செய்யும்?

அதற்குத்தான் அடிப்பாகம் வி வடிவத்தில் இருக்கும் கண்ணிவெடித் தடுப்பு வண்டிகள். சீனாவிலிருந்து வாங்கியவை உண்டு, நைஜீரியாவிலேயே செய்த எசுக்வு, புரோஃபோர்ஸ் நிறுவனத்தின் ஆரா என்றும் உண்டு. வெடியில் ஆளைக் காப்பாற்றுவதில் பஃபலோவை இவற்றோடு ஒப்பிடவே முடியாது, என் பிள்ளையை அந்த ரோட்டில் அனுப்ப வேண்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இந்தத் தடுப்பு வண்டியில்தான் ஏற்றுவேன். ஆனால் மழைக்காலத்தில் சாட் ஏரிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் இறங்கினால் அந்த எடைக்கு அச்சு வரை புதைந்துவிடும், இழுக்க இன்னொரு பெரிய வண்டி வர வேண்டும். 79 புதைந்தால் டயர் காற்றைக் குறைத்து, நாலு பேர் இறங்கித் தள்ளினாலே பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.

டாங்கியும் இருக்கிறது, இல்லாமல் இல்லை. பழைய பிரிட்டிஷ் விக்கர்ஸ், டி-72, அப்புறம் 2020 ஏப்ரலில் லாகோஸ் துறைமுகத்தில் வந்திறங்கிய சீன விடி-4. 125 மில்லிமீட்டர் பீரங்கி, 50 டன்னுக்கு மேல் எடை. லாகோஸிலிருந்து மைதுகுரி 1500 கிலோமீட்டருக்கு மேல், லோபெட் டிரெய்லரில்தான் போக வேண்டும். எஸ்கார்ட்டில் வந்த ஒரு சார்ஜென்ட்டிடம் விடி-4 எப்படி என்று கேட்டேன். "நல்ல சாமான்தான் ஓகா (முதலாளி), ஆனால் அதைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாதே" என்றார். அவர் வந்த பஃபலோவில் அன்று பேட்டரி படுத்திருந்தது.

எதிர்த்தரப்பும் இதே வண்டியைத்தான் விரும்புகிறது என்பதையும் சொல்ல வேண்டும். முகாம்களைத் தாக்கும் போகோ ஹராம், ஐ.எஸ். அமைப்பின் மேற்கு ஆப்பிரிக்கக் கிளையான ஐஸ்வாப் ஆட்கள் கையில் கிடைக்கும் பிக்கப்களைத் துப்பாக்கியோடு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். உதிரி பாகம் எந்த ஊர்ச் சந்தையிலும் கிடைப்பது அவர்களுக்கும் வசதிதானே. தூரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு 79 வந்தால், வருவது யார் என்று கிட்டே வரும் வரை தெரியாது. சோதனைச் சாவடியில் காவலுக்கு நின்றவர்கள் முகத்தில் அந்த நேரத்தில் தெரியும் இறுக்கத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சொந்த வேலைக்கு வாங்குவதானால் 1எச்இசட்டையே வாங்குங்கள், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் பக்கம் போக வேண்டாம், அந்த டீசலுக்கு அது தாங்காது. பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போடுங்கள், முன்பக்க ஹப் கிரீஸை மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். பழைய வண்டி என்றால் பின்னால் சாமான் ஏற்றும் படுக்கையின் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். நடுவில் துப்பாக்கித் தூணை மாட்டிய போல்ட் ஓட்டைகளை அடைத்துப் பெயின்ட் அடித்த தடம் இருந்தால் விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள், அந்தச் சேஸிஸ் என்ன பாடு பட்டிருக்கும் என்று விற்கிறவருக்கே தெரியாது.