கோடைக் காய்ச்சலுக்குப் பின் ரேஸ்: இந்த சீசனா, அடுத்த சீசனா?

ஜூலையில் படுத்து எழுந்த சைக்கிள் வீரருக்கு ஆகஸ்டிலேயே கால் துறுதுறுக்கும். செப்டம்பர் ரேஸ்களைப் பிடிப்பதா, விட்டுவிடுவதா?

உடம்பு
இந்த சீசன்: சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றால் சரி.
அடுத்த சீசன்: நீண்ட நாள் சோர்வுக் காய்ச்சல் தரும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்றால் பெரும்பாலும் இதுதான். மண்ணீரல் வீங்கியிருக்கலாம், ரேஸ் கூட்டத்தில் கீழே விழுந்தால் அது கிழியும் ஆபத்து உண்டு.

பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் மார்க் கேவண்டிஷ் இரண்டையும் பார்த்தவர். 2017 ஏப்ரலில் இந்த வைரஸ் என்று தெரிந்தும் ஜூலையில் டூர் டி பிரான்ஸுக்கு வந்துவிட்டார். நான்காம் ஸ்டேஜில் (ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்) விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. (அது நெரிசலில் நடந்தது, வைரஸ் மேல் பழி போட முடியாது.) 2018 ஆகஸ்டில் மறுபடி அதே வைரஸ், இந்த முறை முழு ஓய்வு. பலன் உடனே வரவில்லை. 2021இல்தான் டூரில் 4 ஸ்டேஜ் வென்றார், 2024இல் தன் 35ஆவது டூர் ஸ்டேஜை.

செலவு
இந்த சீசன்: கட்டிய ரேஸ் லைசென்ஸ் பணம் வீணாகாது.
அடுத்த சீசன்: வீண்தான், போகட்டும்.

காலை நாடித்துடிப்பு பழைய அளவுக்குத் திரும்பி, மருத்துவரும் தலையசைத்தவர் செப்டம்பரில் ஒரு சின்ன டைம் டிரையல் ஓடலாம். அதில் ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு போட்டி போடுவதால் இடிக்க ஆளில்லை. படியேறினாலே மூச்சு வாங்குபவருக்கு அடுத்த வசந்தம்.