ஓஸ்ட்ஹைமா, கிராஃப்ட்ஸ்ஹோஃபா?

ஜெர்மனியில் ஒரே ஒரு கோட்டைத் தேவாலயம் (ஆபத்தில் ஊரார் ஒதுங்க மதில் சூழ்ந்த தேவாலயம்) பார்க்கத்தான் நேரம் என்றால், ரோன் மலைப்பகுதி ஓஸ்ட்ஹைமுக்கே போகலாம். 15ஆம் நூற்றாண்டு மதில், இரட்டை வரிசை: வெளிமதிலைத் தாண்டியவன் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வான். உள்ளே ஊர்க் குடும்பங்களின் சேமிப்பறைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. மேலே தானியம், கீழே குளிர்ந்த நிலவறை. முற்றுகை நாளில் மதிலைவிடச் சாப்பாடுதானே முதல் கவலை! நடுவிலுள்ள தேவாலயம் மட்டும் பிந்தியது, 1615–1619.

நியூரம்பெர்க்கின் கிராஃப்ட்ஸ்ஹோஃப் நேர்மாறு: தேவாலயம் 14ஆம் நூற்றாண்டு, மதில் பிறகு வந்தது. கிரெஸ் பிரபுக் குடும்பத்தின் நினைவுச் சின்னங்களுக்காகப் போகலாம். 1943 குண்டுவீச்சில் தேவாலயம் எரிந்தது. மேலிருந்து விழும் நெருப்பை மதில் தடுக்காது. அமெரிக்காவின் கிரெஸ் அறக்கட்டளை உதவியோடு பின்னர் சீரமைத்தார்கள்.