டோக்கனா, டீசலா? கட்டியின் ரத்தக்குழாயை அடக்க இரண்டு வழிகள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், ஈரல் வரை பரவியிருக்கிறது. மதுரையில் கீமோவோடு பெவாசிசுமாப் மருந்தும் ஏற்றுகிறார்கள். போன வாரம் பார்க்கப் போனேன். டீயில் சீனி இல்லை, சோறும் பாதிதான். "கட்டிக்குப் போற ரத்தக்குழா சீனியிலதான் வளருதாம்ல. நான் திங்கலேன்னா அது காஞ்சு போயிராதாப்பா?" என்றார். அவருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. யாரோ அவரிடம் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

கட்டி ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி வளர அதற்குப் புது ரத்தக்குழாய்கள் வேண்டும். அவற்றைத் தடுத்தால் கட்டியை அடக்கலாம் என்று 1971-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் எழுதினார். எப்படித் தடுப்பது என்பதில்தான் வழி பிரிகிறது. நம் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போக மீன்துறை தரும் அனுமதிச் சீட்டான டோக்கனும் வேண்டும், டீசலும் வேண்டும் இல்லையா, அதேபோல.

பெவாசிசுமாப் டோக்கனை நிறுத்துகிற வழி. கட்டி வி.இ.ஜி.எஃப் என்ற புரதத்தை அனுப்பிக் குழாய்ச் செல்களைக் கூப்பிடுகிறது; மருந்து அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. 2004-ல் வந்த பெரிய ஆய்வில், கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 15.6 மாதம், இதையும் சேர்த்தவர்களுக்கு 20.3 மாதம். சின்ன விஷயமில்லை. ஆனால் கொஞ்ச நாளில் கட்டி எஃப்.ஜி.எஃப் என்ற இன்னொரு புரதம் போன்ற வேறு டோக்கனை எடுத்துக்கொள்கிறது. பி.பி. ஏறலாம், சிறுநீரில் புரதம் போகலாம், புண் ஆறத் தாமதமாகலாம்; அரிதாகக் குடலில் ஓட்டையும் விழும்.

இரண்டாவது, டீசலில் கை வைப்பது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் பீட்டர் கார்மெலியட் குழு 2013-ல் காட்டியது வியப்பானது. ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் பக்கத்திலேயே ஓடியும், குழாய்ச் செல்கள் சுமார் 85 சதவீத ஆற்றலை ஆக்சிஜன் தேவைப்படாத கிளைகாலிசிஸ் வழியாகக் குளுக்கோஸிலிருந்தே எடுக்கின்றன. புதுக் குழாயின் நுனி போவது ஆக்சிஜன் குறைவான இடத்துக்கு என்பதால் அதற்கு இதுதான் தோது. பி.எஃப்.கே.எஃப்.பி.3 என்ற நொதி இதன் வேகத்தைக் கூட்டுகிறது. எந்த டோக்கனில் கிளம்பினாலும் டீசல் வேண்டும், அதனால் தப்பிக்கிற வழி குறைவு. 2016-ல் எலிகளில், இந்த நொதியை அடக்கும் என்று கருதப்பட்ட 3பி.ஓ என்ற பொருளைக் குறைந்த அளவில் கொடுத்தபோது குழாய்கள் அழியவில்லை. ஒழுகல் குறைந்து சீராகின, கீமோ நன்றாக வேலை செய்தது, பரவலும் குறைந்தது. அளவைக் கூட்டினால் குழாயே சிதைந்தது. 3பி.ஓ அந்த நொதியில் நேரடியாக ஒட்டுவதில்லை என்றும் பின்னால் தெரியவந்தது. நல்ல குழாய்களுக்கும் நோய் எதிர்ப்புச் செல்களுக்கும் அதே டீசல்தான். இந்த வழியில் அனுமதி பெற்ற மருந்து இன்னும் இல்லை.

என் மனம் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது. குழாயை அறுக்காமல் சீராக்கி, மருந்து கட்டிக்குள் போக வழிவிடுகிற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பெரியம்மாவுக்கு இன்று கையில் இருப்பது முதல் வழி.

சரி, சீனியை விட்டால்? நாம் சாப்பிடாவிட்டாலும் ஈரல் குளுக்கோஸ் செய்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும், அதற்காக உடம்பு தசையைக்கூடக் கரைக்கும். கட்டிக்குப் போவது நிற்காது, மெலிவது பெரியம்மாதான். மெலிந்த உடம்பு கீமோவைத் தாங்காது. இதைத்தான் அவரிடம் சொன்னேன். தினமும் பி.பி. பாருங்கள், ரத்தக்கசிவோ கடும் வயிற்றுவலியோ வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

இன்று காலை போனில் பேசினேன். சீனி போட்டுத்தான் டீ குடித்தாராம்.