அடிபட்ட கும்பிடுபூச்சி: விடுவதா, வளர்ப்பதா, முடித்து வைப்பதா?

குறுவை அறுவடை நேரத்தில் வரப்போரம் அடிபட்ட கும்பிடுபூச்சி கண்ணில் படுவது உண்டு. புல்வெட்டும் மெஷினில் சிக்கியிருக்கும், கரிச்சான் கொத்திப் போட்டிருக்கும், இல்லை ராத்திரி லைட்டுக்கு வந்து கதவிடுக்கில் நசுங்கியிருக்கும். கையில் எடுத்தவருக்கு மூன்று வழிகள்: அங்கேயே விடலாம், வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம், சட்டென்று முடித்து வைக்கலாம். "விடுங்க தம்பி, அதது பாத்துக்கும்" என்றுதான் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள். பலத்த காயம் என்றால் அந்த மூன்றில் மோசமானது அதுதான் என்பது என் எண்ணம்.

முதலில், அது காயம்தானா என்று பார்க்க வேண்டும். செடியில் தலைகீழாகத் தொங்கி, வெளிறித் துவண்டு தெரியும் பூச்சி தோலுரித்துக்கொண்டிருக்கலாம். அப்போது தொட்டால்தான் அதன் கால் கோணும். வாய்க்கால் ஓரத்தில் கிடக்கும் பூச்சியின் வயிற்று நுனியிலிருந்து கருப்பு நூல் மாதிரி நீளமாக ஏதாவது நெளிந்து வந்தால், அது குடல் இல்லை. உள்ளே வளர்ந்த ஒட்டுண்ணிப் புழு தண்ணீருக்குப் போகிறது. நமக்கு ஆபத்தில்லை. மருந்தடித்த வயலில் மல்லாந்து காலை உதறிக்கொண்டிருந்தால் காயமே இருக்காது, நஞ்சு ஏறியிருக்கும். அதற்குக் கைவைத்தியம் கிடையாது.

நடுக்காலோ பின்னங்காலோ ஒன்று மட்டும் போயிருந்து, குச்சியை நீட்டினால் பற்றி ஏறுகிறது என்றால், தாராளமாக விடலாம். மிச்சக் கால்களை வைத்துக்கொண்டு அது வேட்டையாடிப் பிழைக்கும். தரையில் மட்டும் விட வேண்டாம். நொச்சியோ ஆடாதொடையோ இருக்கிற வேலியில், இடுப்புயரத்தில் ஏற்றிவிட்டால் போதும். முசுறு எறும்பு கூடு கட்டிய மரம் ஆகாது. ஏறவே முடியாததைத் தரையில் விட்டால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். முதலில் ஒரு சித்தெறும்பு வரும், அப்புறம் சாரை சாரையாக வரும். கண்ணிலும் வயிற்று மடிப்பின் மெல்லிய தோலிலும் கடிக்கத் தொடங்கும். பூச்சி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். இதை இயற்கை என்று சொல்லிவிட்டு நடக்க எனக்கு மனம் வருவதில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோகிற முடிவு பெரும்பாலும் முதுகைப் பார்த்தால் கிடைக்கும். வயிறு முழுக்க மூடுகிற நீளமான இறக்கை இருந்தால் வளர்ந்த பூச்சி, இனித் தோலுரிக்காது. போன கால் போனதுதான். இறக்கை இன்னும் சின்ன மொட்டாக இருந்தால் இளம்பூச்சி. அடுத்தடுத்த தோலுரிப்பில் கால் மறுபடி முளைக்கும், முதலில் சிறுத்துத்தான் வரும். அதனால் இளம்பூச்சி என்றால் யோசிக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

வந்ததும் நம் கை மஞ்சள் டப்பாவைத்தான் தேடும். வேண்டாம். பூச்சிக்கு மூச்சுத்துளைகள் உடலின் பக்கவாட்டில் வரிசையாக இருக்கின்றன. பொடியைத் தூவினாலும் தேங்காய் எண்ணெய் தடவினாலும் அவை அடைபடும். அதன் ரத்தம் சிவப்பாக இருக்காது, லேசான பச்சையாகவோ நிறமில்லாமலோ கசியும். சின்னக் கசிவு தானாக உறைந்துவிடும். நிற்காமல் வந்தால் காயத்தின் முனையில் மட்டும் துளி சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) ஒற்றலாம், பூச்சி வளர்ப்பவர்கள் செய்வது அதுதான். சாப்பாட்டை மூடும் வலைக்கூடை நல்ல வீடு, உள்பக்கம் பற்றித் தொங்கும். கூடையை ஒரு பலகையில் வைத்து, பலகையை எறும்பு ஏறாதபடி தண்ணீர்த் தட்டின் நடுவில் தூக்கி வையுங்கள். தண்ணீரை ஈர்க்குச்சி நுனியில் ஒரு துளியாக வாய்க்கு நேரே காட்டினால் குடிக்கும். பால், சோறு எதுவும் வேண்டாம், அது உயிருள்ள இரை தின்கிற பூச்சி.

பிடிக்கும் முன்னங்கால் இரண்டும் போனதற்கு ஊட்டித்தான் ஆக வேண்டும். மருந்தடிக்காத இடத்தில் பிடித்த வெட்டுக்கிளியைக் கொன்று, வயிற்றைக் கிள்ளி, ஈரமான பக்கத்தை இடுக்கியால் வாயில் தொடுங்கள். முதலில் தலையை விலக்கும். ருசி பட்டதும் தாடை அசையத் தொடங்கும், அப்புறம் இடுக்கியை எடுக்கவே விடாது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனதில் வையுங்கள்: வளர்ந்த பூச்சியின் ஆயுளே சில மாதங்கள்தான்.

வயிறு பருத்த பெண்பூச்சி என்றால் என் கணக்கு மாறும். வயிறு கிழியாமல் கால்கள் மட்டும் போயிருந்தால், கூடைக்குள் சொரசொரப்பான குச்சி ஒன்றை நட்டு வைத்துக் காத்திருக்கலாம். வயிற்று நுனியிலிருந்து நுரை மாதிரி விட்டு, அது இறுகி முட்டைக்கூடாகிவிட்டால், குச்சியோடு எடுத்து வேலியில் கட்டலாம். இணை சேராத பூச்சியும் முட்டைக்கூடு வைக்கும், அதனால் பொரிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பொரித்தால் நூற்றுக்கு மேல்கூட வரும்.

வயிறு பிளந்து உள்ளே இருப்பது வெளியே வந்துவிட்டால் அது பிழைக்காது. அப்போது முடித்து வைப்பதுதான் கருணை. "ஒரு உயிரைக் கொல்வதா, பாவமில்லையா" என்று அம்மா கேட்பார், நியாயமான கேள்வி. பூச்சிக்கு நம்மைப் போல வலிக்குமா என்பது இன்னும் தீராத விவாதம். தன்னைக் கும்பிடுபூச்சி தின்னும்போதும் இலையைக் கடித்துக்கொண்டிருந்த வெட்டுக்கிளியை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தீராத விவாதம் என்பதால்தான் வலிக்கும் என்றே வைத்துக்கொள்கிறேன். தலையை மட்டும் நசுக்கினால் போதாது. நரம்பு முடிச்சுகள் உடல் நெடுக இருப்பதால் மிச்ச உடல் அசைந்துகொண்டே இருக்கும். தாளில் மடித்துத் தட்டையான கல்மேல் வைத்து, இன்னொரு கல்லால் முழு உடலையும் ஒரே அடியில் முடிக்க வேண்டும். மனம் வராதவர்கள் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். ஆனால் சீக்கிரம் எடுத்துவிடக் கூடாது. குளிரில் மரத்துப்போன பூச்சி வெளியே வந்தால் மறுபடி எழும். ஒரு ராத்திரி முழுக்க இருக்கட்டும். கொசு மருந்தும் கொதிநீரும் கூடவே கூடாது. கோழிக்குப் போடுவது வேகமானது மாதிரி தெரியும், ஆனால் கோழி கொத்தி இழுத்து ஓடி விளையாடிவிட்டுத்தான் விழுங்கும்.

கஷ்டமான முடிவு, முன்னங்கால் இரண்டும் இல்லாத வளர்ந்த பூச்சிதான். ஊட்ட ஆளும் நேரமும் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அன்று சாயங்காலமே முடித்துவிடுங்கள். நாலு நாள் ஊட்டிவிட்டுச் சலித்துப்போய் வேலியில் விடுவதை மட்டும் செய்யாதீர்கள். அது பட்டினி கிடந்துதான் சாகும்.