செக்குகினுமாப் பேனா ஊசி: சொரியாசிஸை அடக்கும், வெயிலைத் தாங்காது

சொரியாசிஸ் என்ற தோல் நோயில் செதிலாக உதிர்வது தோல்தான்; கட்டளை வருவது நோய் எதிர்ப்பு அணுக்களிடமிருந்து. டி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-17ஏ என்ற செய்திப் புரதம், மேல்தோலை உருவாக்கும் கெரட்டினோசைட் அணுக்களில் போய் ஒட்டுகிறது. உடனே அவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களை அழைக்கும் புரதங்களை வெளியிடுகின்றன. டிஎன்எஃப் என்ற இன்னொரு அழற்சிப் புரதமும் சேர்ந்தால் அழற்சி இன்னும் ஏறும். இன்டர்லூக்கின்-22 தோல் அணுக்களை முதிரவிடாமல் பெருக்குகிறது. செக்குகினுமாப் மருந்து இதில் இன்டர்லூக்கின்-17ஏ ஒன்றைத்தான் பிடித்து வைக்கிறது. தடித்த திட்டுகளாக வரும் சொரியாசிஸுக்கு அதுவே பெரிதும் போதுகிறது என்பதுதான் இந்த மருந்தின் அழகு.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 300 மி.கி., அதாவது 150 மி.கி. பேனா இரண்டு. முதல் ஐந்து தவணைகள் வாரம் ஒன்று, பிறகு 4 வாரத்துக்கு ஒருமுறை. முதல் 'க்ளிக்' கேட்டதும் பேனாவை எடுத்துவிடுவதே பலர் செய்யும் தவறு. மீதி மருந்து வெளியே வழியும். இரண்டாவது 'க்ளிக்' கேட்டு, பேனாவின் சாளரத்தில் பச்சைக் கோடு நகர்வது நிற்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் வாங்கிப் புளியரை வழியாகச் செங்கோட்டை, தென்காசிக்குக் கொண்டுவருபவர்கள் கவனிக்க: 2 முதல் 8 டிகிரி அவசியம். ஐஸ் பை பேனாவைத் தொடக்கூடாது, உறைந்தால் குப்பைதான். ஊசிக்கு முன் அரை மணி நேரம் வெளியே வைத்தால் வலி குறையும்.

காசநோய்ப் பரிசோதனை இல்லாமல் தொடங்கவே வேண்டாம். வாயில் வெள்ளைப் படலம் வந்தால் கேண்டிடா பூஞ்சையாக இருக்கலாம். பூஞ்சையைத் தடுக்கவும் 17ஏ தேவை. குரோன் நோய் (நாள்பட்ட குடல் அழற்சி) உள்ளவர்கள் வேறு மருந்து கேளுங்கள், இது குடலைக் கிளறிவிடக்கூடும்.