பழைய ஃபிளாப்பியைப் படிக்க: யூஎஸ்பி டிரைவா, கிரீஸ்வீசலா?

3.5 அங்குல ஃபிளாப்பியை இன்றைய கணினியில் படிக்க மூன்று வழிகள் உண்டு: மதர்போர்டின் 34 பின் சாக்கெட்டில் நேரே மாட்டும் பழைய டிரைவ், யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ், அதே பழைய டிரைவைக் கிரீஸ்வீசல் என்ற சின்னப் பலகை வழியாக யூஎஸ்பியில் இணைப்பது. நாலைந்து டிஸ்க்தான் என்றால் யூஎஸ்பி டிரைவ் போதும். பெட்டி நிறையக் கிடந்தால் கிரீஸ்வீசல்தான், என் ஓட்டும் அதற்கே.

மதர்போர்டு வழியை முதலில் ஒதுக்கிவிடலாம். புதிய போர்டுகளில் அந்த சாக்கெட்டே கிடையாது. பழைய கணினியில் டிரைவைக் கழற்றிவிட்டு பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்பில்) அதை அணைக்க மறந்தால், லினக்ஸ் துவங்கும்போது எஃப்டி0 (முதல் ஃபிளாப்பி டிரைவுக்கு லினக்ஸ் வைத்த பெயர்) பிழையைக் காட்டிக்கொண்டு இழுத்தடிக்கும். பயாஸில் அணைக்கவும், அல்லது லினக்ஸின் ஃபிளாப்பி மாட்யூல் ஏற்றப்படாதபடி பிளாக்லிஸ்ட் செய்யவும்.

யூஎஸ்பி டிரைவில் கன்ட்ரோலர் (டிரைவை இயக்கும் சில்லு) உள்ளேயே இருக்கிறது. விண்டோஸில் ஏ டிரைவாக வரும், லினக்ஸில் பென்டிரைவைப் போல எஸ்டி வரிசையில் வரும். வேகமும் வசதியும் சரிதான். ஆனால் பெரும்பாலானவை 1.44 எம்பி, 720 கேபி ஆகிய இரண்டை மட்டுமே அறியும். அமிகாவின் 880 கேபி, பழைய மேக்கின் 800 கேபி டிஸ்க்குகள் அதற்கு வெறும் கெட்ட டிஸ்க். லினக்ஸில் டிஸ்கை ஃபார்மட் செய்யும் எஃப்டிஃபார்மட் கட்டளையும் இங்கே செல்லாது, யூஎஃப்ஐஃபார்மட் வேண்டும். கெட்ட செக்டர் (டிஸ்கின் சிறு தரவுத் துண்டு) வந்தால் டிரைவ் தானே திரும்பத் திரும்ப முயலும். பூஞ்சை பிடித்த டிஸ்கை டிரைவின் படிக்கும் தலையால் தேய்ப்பதற்கு இது சமம்.

இந்த ஒப்பீட்டைத் தீர்மானிப்பது பராமரிப்பு. டிரைவரை, அதாவது டிரைவை இயக்கும் மென்பொருளை, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதே கேள்வி. மதர்போர்டில் மாட்டிய டிரைவுக்கான லினக்ஸின் ஃபிளாப்பி டிரைவரை 2019இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அநாதை (பராமரிப்பவர் இல்லாதது) என்று குறித்தார். பராமரிப்பவரிடம் வேலை செய்யும் வன்பொருளே இல்லாமல் போனதும், கடைகளில் கிடைப்பவை அந்த டிரைவரைப் பயன்படுத்தாத யூஎஸ்பி வகைகளாகிவிட்டதும் காரணம். பிறகு வேறொருவர் பொறுப்பேற்றார். ஆனாலும் சுருங்குதல் நிற்கவில்லை: 2022இல் வந்த லினக்ஸின் 5.18 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்), கன்ட்ரோலருக்கு நேரடிக் கட்டளை அனுப்பும் வசதி பாதுகாப்புக் காரணத்தால் முன்னிருப்பாகவே அணைக்கப்பட்டது. விநோத ஃபார்மட்களைப் படிக்க எஃப்டியூட்டில்ஸ் என்ற லினக்ஸ் கருவித் தொகுப்பு நம்பியிருந்த கதவு அதுதான். மூடியவர்களைக் குறை சொல்ல முடியாது. 2015இல், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கியூஎம்யூ மென்பொருளின் போலி ஃபிளாப்பி கன்ட்ரோலரில் வெனம் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, யாருமே தொடாத ஃபிளாப்பி குறிமுறை எவ்வளவு ஆபத்தானது என்று தெரிந்துபோனது.

கிரீஸ்வீசல் இந்தச் சிக்கலுக்குள்ளேயே வருவதில்லை. இயங்குதளத்துக்கு அது ஒரு சீரியல் போர்ட், அவ்வளவுதான். விண்டோஸ் 10இல் தனி டிரைவர் வேண்டாம். லினக்ஸில் உங்கள் கணக்கை, சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் சேர்த்தால் போதும். ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள். ஃபிளாப்பி பற்றிய அறிவெல்லாம் ஒரு பைத்தான் நிரலில் இருக்கிறது. கெர்னலில் எது நீக்கப்பட்டாலும் அதற்குக் கவலையில்லை.

இன்னொரு லாபமும் உண்டு. அது செக்டரைக் கேட்பதில்லை, காந்த மாற்றங்களுக்கு இடைப்பட்ட நேரத்தை அப்படியே பதிகிறது. எனவே அந்தப் பதிவை முதலில் ஃபிளக்ஸ் கோப்பாகச் சேமித்துக்கொண்டு, ஐபிஎம், அமிகா, மேக் என்று எந்த ஃபார்மட் என்பதைப் பிறகு முயன்று பார்க்கலாம். டிஸ்கை மறுபடி சுழற்ற வேண்டியதில்லை. 300 ஆர்பிஎம்மில் ஒரு சுற்று 200 மில்லி விநாடி. டிஸ்கின் 160 டிராக்கை (வட்டப் பாதைகளை) மூன்று சுற்று எடுத்தால் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். கோப்பு மட்டும் பல பத்து எம்பி ஆகும்.

மாட்டும்போது கேபிளின் சிவப்புக் கோடு ஒன்றாம் பின்னில் இருக்க வேண்டும். விளக்கு அணையாமல் எரிந்தால் கேபிள் தலைகீழ். ‘டிராக் 0 கிடைக்கவில்லை’ என்றால் பவரைப் பாருங்கள், அடுத்து நிரலுக்குச் சொல்லும் டிரைவ் எழுத்தை: முறுக்கிய கேபிளின் முனைக்கு ஏ, நேர் கேபிளுக்கு பி. 3.5 அங்குல டிரைவுக்கு கிரீஸ்வீசலின் வி4 பலகையின் பவர் பின்னிலிருந்து வரும் 5 வோல்ட் போதும். 5.25 அங்குலத்துக்கு 12 வோல்ட்டும் தனியாக வேண்டும். அந்த வகையைப் பொறுத்தவரை என் பரிந்துரையை இதே உறுதியோடு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த வழியானாலும் டிஸ்கைப் போடுமுன் ரைட் புரொடெக்ட் தகட்டை நகர்த்தித் துளையைத் திறந்துவையுங்கள். அழுக்கு டிஸ்க் ஒன்று போனதும் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நல்ல டிஸ்கும் கெடும்.

யூஎஸ்பி டிரைவ் வெல்லும் இடம் ஒன்று உண்டு: எம்பிராய்டரி, சிஎன்சி போன்ற இயந்திரங்களுக்கு 1.44 எம்பி டிஸ்கில் கோப்பை எழுதித் தருவது. கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது. இயந்திரம் 720 கேபிதான் ஏற்கும் என்றால், அதற்கான டிடி டிஸ்க் கிடைக்காதபோது ஹெச்டி (1.44 எம்பி) டிஸ்கின் அடர்த்தித் துளையை டேப்பால் மூடி 720ஆக ஃபார்மட் செய்து ஓட்டலாம். அவசரத்துக்கு மட்டும், அதில் எதையும் நாள்பட வைக்காதீர்கள்.