கேம்பஸா, யூனிஃபைட்ஸா, வீடியோவா: மியூசிக்கல் தியேட்டர் ஆடிஷனுக்கு மூன்று வழிகள்

"அக்கா, காலேஜ் ஆடிஷன் எல்லாத்தையும் வீடியோவிலேயே முடிச்சிடலாமா?" என்று போன வாரம் ஒரு தோழி கேட்டார். நியூ ஜெர்சியில் எங்களுக்கு இரண்டு ஊர் தள்ளி இருக்கிறார். மகன் பதினொன்றாம் வகுப்பை முடிக்கப் போகிறான். மூன்று வருடமாகப் பள்ளி மேடையில் பாடி, ஆடி, நடிக்கிறான். கல்லூரியிலும் அதைத்தான் படிப்பேன் என்கிறான். என் மகள் இரண்டு வருடத்துக்கு முன் இதே பாதையில் போனவள். அவரிடம் போனில் அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்தப் படிப்புக்கு மார்க் மட்டும் போதாது. மிச்சிகன், பிட்ஸ்பர்க்கில் இருக்கிற கார்னகி மெலன், சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியான சி.சி.எம். மாதிரி இடங்களில் ஒரு வருடத்துக்கு எடுப்பது ஒரு சிறிய வகுப்பு அளவுக்குத்தான். இருபது பேர், சில இடங்களில் அதற்கும் குறைவு. அதனால்தான் பிள்ளைகள் பத்து, பதினைந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஆடிஷனுக்கு எப்படிப் போவது என்ற கேள்வி பெரிதாவதும் அதனால்தான். பதினைந்து இடத்துக்கும் நேரில் போக எந்தக் குடும்பத்துக்கும் நேரமும் இல்லை, பணமும் இல்லை.

எந்த வழியில் போனாலும் பெரும்பாலான இடங்களில் முதல் சுற்று வீடியோதான். அதற்கு ப்ரீஸ்கிரீன் என்று பெயர். ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு பாட்டு, ஒரு மோனோலாக் (நாடகத்தில் ஒருவரே பேசுகிற வசனம்) அல்லது இரண்டு, ஒரு நடனம். பாட்டும் மோனோலாக்கும் ஒவ்வொன்றும் ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்குள். பல கல்லூரிகள் இப்போது பொதுவான ஒரு ப்ரீஸ்கிரீன் முறையை ஏற்றுக்கொண்டிருப்பதால், ஒரு தடவை ஒழுங்காக எடுத்தால் பல இடங்களுக்கு அதையே அனுப்பலாம். பெரும்பாலான கெடு தேதிகள் நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் வரும். இதில் தேறியவர்களைத்தான் அடுத்த சுற்றுக்குக் கூப்பிடுவார்கள். கேம்பஸ், பல கல்லூரிகள் ஒரே ஊரில் கூடுகிற யூனிஃபைட்ஸ், வீடியோ என்று மூன்று வழிகளும் பிரிவது அங்கேதான்.

கேம்பஸுக்குப் போவது

இதன் பெரிய லாபம், அவர்கள் நம் பிள்ளையைப் பார்க்கிற அதே நாளில் நாமும் அவர்களைப் பார்க்கிறோம். என் மகளை அழைத்துக்கொண்டு பிட்ஸ்பர்க் போனோம், ஆறு மணி நேரக் கார் பயணம். ஆடிஷன் முடிந்ததும் அங்கே படிக்கிற மாணவர்கள் வந்து பேசினார்கள். ஒரு பெண் என் மகளிடம், காலை எட்டரைக்குப் பாலே வகுப்பு, இரவு பத்துக்கு ஒத்திகை முடியும், இடையில் சாப்பிட நேரம் கிடைப்பதே பாடு என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எந்த இணையதளமும் அதைச் சொல்லியிருக்காது. திரும்பி வரும்போது மகள் காரில் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அம்மா, எனக்கு அது பிடிச்சிருக்கு" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்தப் பயணம் தகும் என்று எனக்குத் தோன்றியது.

இடைஞ்சல் என்ன? ஒரு பயணத்துக்கு ஒரே கல்லூரி. ஜனவரி, பிப்ரவரியில் பனி கொட்டும். விமானம் ரத்தானால் மாற்றுத் தேதி கேட்டு மின்னஞ்சல் எழுதிக்கொண்டு உட்கார வேண்டும். பள்ளியில் வெள்ளிக்கிழமைகள் போய்க்கொண்டே இருக்கும். ஹோட்டல் ஹீட்டர் காற்று தொண்டையை வறள வைத்துவிடும். நாங்கள் குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, அந்த ஆவியில் அவளைக் கால் மணி நேரம் உட்கார வைத்தோம்.

யூனிஃபைட்ஸ்

இருபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஒரே ஊரில், ஒரே சில நாட்களில் கூடி ஆடிஷன் வைப்பதுதான் நேஷனல் யூனிஃபைட்ஸ். ஜனவரி, பிப்ரவரியில் நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் என்று நகரும். அமைப்பில் உறுப்பினராக இல்லாத கல்லூரிகளும் அதே வாரத்தில் அங்கே வந்து அறை எடுப்பதுண்டு. சிகாகோவில் பல வருடங்கள் பால்மர் ஹவுஸ் ஹோட்டலில் நடந்தது. நியூயார்க்கில் எட்டாவது அவென்யூ ஒத்திகைக் கூடங்கள். எங்களுக்கு அது ரயிலில் போய் பென் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம். நியூ ஜெர்சிக் குடும்பங்களுக்கு இது பெரிய வசதி. டெக்சஸிலோ ஜார்ஜியாவிலோ இருப்பவர்களுக்கு அதே வசதி கிடையாது, ஆனால் ஒரே விமான டிக்கெட்டில் ஆறு, ஏழு ஆடிஷனை முடிக்கலாம். செலவுக் கணக்கில் நேரடி ஆடிஷன் ஒன்றுக்கு ஆகிற தொகை இங்கேதான் குறைவு.

ஆனால் கூட்டத்தைப் பார்த்துத் தயாராகப் போக வேண்டும். நீளமான நடைக்கூடம், இரண்டு பக்கமும் பிள்ளைகள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு குரல். நம் பிள்ளை பாடப்போகிற அதே பாட்டு பக்கத்து அறையிலிருந்து இன்னும் நன்றாகக் கேட்கும். அதைத் தாங்குகிற மனசு சில பிள்ளைகளுக்கு இயல்பாகவே உண்டு, சிலருக்கு இல்லை. அது திறமையைப் பற்றிய விஷயம் இல்லை. என் மகள் முதல் நாள் மதியம் வரை அந்த நடைக்கூடத்தில் காதில் ஹெட்ஃபோனோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரு நாளைக்கு மூன்று ஆடிஷனுக்கு மேல் போடாதீர்கள் என்று நான் சொல்வது அதைப் பார்த்த பிறகுதான். நாங்கள் நான்கு போட்டோம். நான்காவதில் அவள் குரல் களைத்துவிட்டது.

அந்நியர் வாசிக்கும் பியானோ

என் கணக்கில் மூன்று வழிகளையும் பிரிக்கிற முக்கியமான விஷயம் இதுதான், பலர் இதைக் கவனிப்பதில்லை. நேரடி ஆடிஷனில் பல கல்லூரிகள் அவர்களே பியானோ வாசிக்க ஒருவரை உட்கார வைத்திருப்பார்கள். அவர் நம் பிள்ளையை அன்றைக்குத்தான் பார்க்கிறார். வீடியோவில் பாடுவது முன்பே பதிவு செய்த பியானோ ட்ராக்கோடு. ட்ராக் யாருக்காகவும் காத்திருக்காது, அதன் பின்னாலேயே பிள்ளை ஓட வேண்டும். மாதக்கணக்கில் ட்ராக்கோடு மட்டும் பாடிய பிள்ளை, உயிருள்ள ஒருவர் வாசிக்கும்போது அவரைத் தன்னோடு அழைத்துப்போகத் தெரியாமல் நின்றுவிடும்.

எங்களுக்கு நடந்தது இது. ஒரு கல்லூரியின் அறையில் மகள் இசைத்தாள்கள் கோத்த பைண்டரைப் பியானோக்காரரிடம் கொடுத்துவிட்டு நடுவில் போய் நின்றாள். வேகம் என்ன என்று சொல்லவில்லை. பியானோக்காரர் கொஞ்சம் வேகமாகவே எடுத்தார். போதாக்குறைக்கு அவள் நீளமாகப் பிடிக்க வேண்டிய சுரத்தின் நடுவில் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. அரை தாளம் நழுவியது. வெளியே வந்ததும் அழவில்லை, "பேப்பரை நாமதான் சரியா ஒட்டலை" என்றாள். அன்று இரவே அவள் பாடுகிற பகுதியின் 32 பாரையும் (பார் என்றால் இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒரு தாள அளவு) எதிரெதிரான இரண்டு பக்கத்துக்குள் வருகிற மாதிரி நகலெடுத்து மறுபடி அடுக்கினோம்.

அதற்குப் பிறகு அவள் எல்லா அறையிலும் ஒரே மாதிரி செய்தாள். வணக்கம் சொல்லி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் காட்டி, முதல் வரியை மெதுவாகப் பாடி வேகத்தைச் சொல்லி, மூச்சுக்காக நிற்கிற இடத்தைக் காட்டிவிட்டுத்தான் நடுவில் போவாள். விரலைச் சொடுக்கி வேகம் காட்டவே கூடாது. வாசிப்பவருக்கு அது மரியாதைக் குறைவாகப் படும். முடிந்ததும் அவருக்கும் நன்றி. மொத்தம் இருபது விநாடி. அந்த இருபது விநாடியையும் மேசைக்குப் பின்னால் இருக்கிற ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வீடியோவிலேயே முடிப்பது

பல கல்லூரிகள் இறுதிச் சுற்றையும் ஆன்லைனில் வைக்கின்றன, எந்த வழியில் வந்தாலும் மதிப்பு ஒன்றுதான் என்றும் சொல்கின்றன. நான் அதை நம்புகிறேன். ஆஸ்துமா இருக்கிற பிள்ளைக்கும், வேலைக்கு லீவு போட முடியாத பெற்றோருக்கும் இது பெரிய வரம். ஆனால் நேரடித் திரை ஆடிஷனில் ஆசிரியர், "இதையே ரகசியம் சொல்ற மாதிரி பாடு" என்று திருத்திப் பார்க்கும்போது, அந்தக் கொடுக்கல் வாங்கல் ஒரே அறையில் இருக்கும்போது நடக்கிற அளவுக்கு நடப்பதில்லை. கல்லூரி நமக்கு ஏற்றதா என்பதும் தெரியாது.

வீடியோவின் இன்னொரு பயன் வேறு மாதிரி. அது பிள்ளையை அதற்கே காட்டிக்கொடுக்கும். முதல் பதிவைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாட்டு முழுக்க மகளின் வலது கை தொடையோரம் விரல்விட்டுத் தாளம் எண்ணிக்கொண்டிருந்தது. ஏழு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம். யாரும் சொல்லாமல் அவளுக்கே தெரியாது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இது இருக்கும். அதேபோல நேராக நிறுத்த வேண்டிய சுரத்தின் முடிவில் ஒரு சின்ன கமகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பரதம் கற்ற பிள்ளைக்குக் கண் பெரிதாகப் பேசும். மேடைக்கு அழகு, கேமரா நெருங்கி இருக்கும்போது அதிகம். எதையும் அழிக்க வேண்டியதில்லை. சுருதி சுத்தம், மனப்பாடம், அரைமண்டியில் உறுதியான தொடை எல்லாமே இங்கே உதவும். எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும். நடன வீடியோவில் மட்டும் தலை முதல் பாதம் வரை தெரிய வேண்டும், வீட்டு ஹால் போதாது. நாங்கள் ஒரு நடனப் பள்ளியின் அறையை ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம்.

சரி, எதற்கு எது? பிள்ளை மனசு வைத்த இரண்டு கல்லூரிக்கு நேரில் போங்கள். நான்கு, ஐந்தை யூனிஃபைட்ஸில் முடியுங்கள். மீதியை வீடியோவில் கொடுங்கள். கையில் ஒரு பயணத்துக்குத்தான் பணம் என்றால் நான் யூனிஃபைட்ஸைத்தான் சொல்வேன். இடம் கிடைத்த பிறகு, எங்கே சேர்வது என்று பதில் சொல்லும் மே 1 கெடுவுக்கு முன் ஏப்ரலில் கல்லூரியைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் அப்போது கிடைக்காத இடங்களுக்கு வீண்செலவு இல்லை.

இந்த மூன்றும் வேண்டாம் என்கிற வழியும் உண்டு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் தியேட்டர் படிப்பில் சேர ஆடிஷன் கிடையாது, மியூசிக் தியேட்டர் சான்றிதழுக்கு முயல்வது சேர்ந்த பிறகுதான். பி.எஃப்.ஏ. (நுண்கலைப் பட்டம்) அளவுக்கு நாள் முழுக்க ஒரே பயிற்சியில் மூழ்க விரும்பாத பிள்ளைக்கு இது நல்ல இடம். பாட்டையே முதன்மையாக நினைக்கிற பிள்ளை பால்ட்வின் வாலஸ், ஓக்லஹோமா சிட்டி பல்கலைக்கழகம் மாதிரி பி.எம். என்கிற இசைப் பட்டம் தருகிற இடங்களையும் பார்க்கலாம்.

தோழியின் மகனுக்கு நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்தது இது. கேம்பஸுக்கு சின்சினாட்டியும் பிட்ஸ்பர்க்கும், நியூயார்க் யூனிஃபைட்ஸில் ஒரு சனி, ஞாயிறு, மீதி நான்கு வீடியோ. அவன் இதுவரை ட்ராக்கோடு மட்டும்தான் பாடியிருக்கிறான். அவர்கள் தெருவில் ஒரு தேவாலயத்தில் பியானோ வாசிக்கிறவர் இருக்கிறார். வருகிற சனிக்கிழமையிலிருந்து வாரம் ஒரு தடவை, எதுவும் முன்கூட்டிச் சொல்லாமல் பைண்டரோடு அவர் முன்னால் போய் நிற்கப் போகிறான்.